ஜெயித்துக் கரைந்த 18,000 வெள்ளி

போன மாதம் கிள்ளானில் ஒரு நூல் அறிமுகம் முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். புத்தகத்தைப் பற்றிய பேச்சு பத்து நிமிடம் தாங்கியது. வழக்கம்தான். பக்கத்தில் இருந்த தம்பிக்கு வயது 23. நல்ல வாசகன், கவிதையும் எழுதுகிறான். மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, நீங்க கொஞ்ச காலம் போக்கர் ஆடுனீங்கன்னு கேள்விப்பட்டேன். இத கொஞ்சம் பாருங்கண்ணே."

எக்செல் கோப்பு. தேதி, எத்தனை மணி நேரம், எந்த மேசை, உள்ளே எடுத்துப் போன பணம், வெளியே வந்த பணம், கையிருப்பு. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு விதி: 'கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேசையில் வைக்காதே.' மூன்று மாதக் கணக்கு. 210 மணி நேரம் ஆடி 4,900 வெள்ளி ஜெயித்திருந்தான். என்னுடைய பழைய நோட்டுப்புத்தகத்தைவிட ஒழுங்காக இருந்தது. வருடக் கடைசியில் வேலையை விடப்போகிறானாம்.

"பணத்த ஒழுங்கா மேனேஜ் பண்ணா இதுவும் ஒரு தொழில்தானேண்ணே?"

நான் பதில் சொல்வதற்குள் எதிரே இருந்த மூத்த எழுத்தாளர் ஒருவர் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ஆடட்டும் விடுங்க. எழுதுறவனுக்குக் கொஞ்சம் சூதாடி மனசு வேணும்யா. தாஸ்தயெவ்ஸ்கி ஆடலையா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுகொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். தம்பி சொன்னதும் தவறு, பெரியவர் சொன்னதும் தவறு. பெரியவருடையதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

தாஸ்தயெவ்ஸ்கி ஆடினார், உண்மை. 'சூதாடி' நாவலை 1866இல் 26 நாட்களில் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தார். முடிக்காவிட்டால் அவருடைய படைப்புகளை ஒன்பது வருடம் சும்மா அச்சிட்டுக்கொள்ளும் உரிமை ஒரு பதிப்பாளருக்குப் போயிருக்கும். கடனுக்காக அப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இதுவரை நம் ஆட்கள் அழகாகச் சொல்வார்கள். அந்த 26 நாளும் சுருக்கெழுத்தில் எழுதிக் கொடுத்த அன்னா என்ற இளம்பெண் பிறகு அவரைத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய நகையும் உடையும் ஜெர்மன் ஊர்களில் எத்தனை முறை அடகுக்கடைக்குப் போனது? 1871இல் அவர் ஆட்டத்தை நிறுத்திய பிறகு, 1873 தொடங்கி நாவல்களைச் சொந்தமாகப் பதிப்பித்து, வீட்டிலிருந்தே விற்று, கடன்காரர்களிடம் பேசி, அந்தக் கடன்களைக் கட்டி முடித்தது யார்? இதெல்லாம் மாமாக் கடைப் பேச்சில் வராது. அந்த வீட்டில் பணத்தை மேனேஜ் பண்ணியது அன்னா. சூதாடி மனசு வேண்டும் என்கிற பெரியவர்கள், அந்த மனசுக்குச் சோறு போட்டவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.

தவிர, அவர் ஆடியது ரூலட். பூஜ்ஜியம் இருக்கிற சக்கரம். எப்படி ஆடினாலும் சராசரியில் வீட்டுக்காரன்தான் ஜெயிப்பான். போக்கர் அப்படி இல்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். நன்றாக ஆடுகிறவன் நீண்ட காலத்தில் மோசமாக ஆடுகிறவனிடமிருந்து பணத்தை எடுக்கிறான். திறமை உண்டு. இதை நான் முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். இதை ஒத்துக்கொள்ளாததால்தான் நம்முடைய ஒழுக்கவாதிகளின் பேச்சு எந்த இளைஞன் காதிலும் ஏறுவதில்லை. திருக்குறளில் 94ஆவது அதிகாரம், தர்மர், பாஞ்சாலி, சகுனியின் பகடை. என் மாமா எனக்கும் இதைத்தான் சொன்னார். பகடைக்கும் போக்கருக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் என்று மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் நியாயமும் இருந்தது. இத்தனைக்கும் தீபாவளி ராத்திரி எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருபத்தொன்று ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துக் கொடுப்பதே அந்த மாமாதான்.

ஆக, நீதிநூலை மூடி வைப்போம். கணக்கை மட்டும் பார்ப்போம். தம்பிக்குக் கணக்கின்மேல்தானே நம்பிக்கை.

2019 ஜூலையில் வேலையை விட்டேன். சேமிப்பு 18,000 வெள்ளி. ஆடியது பெரும்பாலும் ஒரே வீட்டில், 2-5 மேசையில். அதாவது கட்டாயமாக முன்வைக்க வேண்டிய சின்ன பிளைண்ட் 2 வெள்ளி, பெரிய பிளைண்ட் 5 வெள்ளி. 500 வெள்ளியோடு உட்கார வேண்டும். என்னிடம் இருந்தது 36 முறை உட்காருவதற்கான பணம். ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய இந்த முதலைத்தான் 'பேங்க்ரோல்' என்கிறார்கள். 20 முறை உட்காரப் பணம் இருந்தால் போதும் என்று ஒரு கட்சி, 30 வேண்டும் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்கும் மேலே நான் இருந்தேன். எந்த விதியையும் மீறவில்லை. தோற்ற கோபத்தில் பெரிய மேசைக்கு ஏறியதில்லை. குடித்துவிட்டு ஆடியதில்லை. கடன் வாங்கி ஆடியதில்லை. ஒவ்வொரு இரவும் காடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிய பிறகுதான் என்ஜினைத் தட்டுவேன்.

எட்டரை மாதம். 1,020 மணி நேரம். ஜெயித்தது 11,220 வெள்ளி. ஆமாம், ஜெயித்தேன். மணிக்கு 11 வெள்ளி.

செலவையும் எழுதுகிறேன். காடித் தவணை 620, பெட்ரோலும் டோலும் 350, கைப்பேசி 100, பி.டி.பி.டி.என் கல்விக் கடன் 200, மருத்துவக் காப்புறுதி 180, வெளியே சாப்பாடு 350, அம்மாவுக்கு 200. மாதம் 2,000. எட்டரை மாதத்துக்கு 17,000.

18,000 கூட்டல் 11,220 கழித்தல் 17,000. மிச்சம் 12,220.

இதை நிறுத்தி வாசியுங்கள். நான் தோற்கவில்லை. மேசையில் தொடர்ந்து ஜெயித்த ஆள். என் முதல் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. பண நிர்வாகம் பற்றிப் பேசுகிற எவரும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அவர்கள் தரும் விதிகள் எல்லாம் ஒரு மறைவான நிபந்தனையில் நிற்கின்றன: பேங்க்ரோலிலிருந்து யாரும் சாப்பிடக் கூடாது. ஜெயித்த பணம் அங்கேயே இருக்க வேண்டும், வளர வேண்டும், வளர்ந்த பிறகு பெரிய மேசைக்குப் போக வேண்டும். ஆனால் 'பிழைப்புக்காக ஆடுவது' என்பதன் பொருளே அதிலிருந்து சாப்பிடுவதுதான். மாதம் 120 மணி நேரம் ஆடுகிற எனக்கு, செலவை ஈடுகட்டவே மணிக்கு 16 வெள்ளி 67 சென் தேவை. வந்தது 11. இந்தக் கணக்கில் திவாலாகும் 'ஆபத்து' என்று ஒன்று கிடையாது. திவால் நிச்சயம், தேதி மட்டும்தான் தெரியாது. ஒரு மேசையில் 5 சதவீதம் வைத்தாலும் 2 சதவீதம் வைத்தாலும் அந்தத் தேதி கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று. 11,220ஐ எட்டரையால் வகுத்தால் மாதம் 1,320 வெள்ளி. அந்த வருடம் இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,100. அந்த 1,100 வாங்குகிறவருக்கு முதலாளி 13 சதவீதம் இ.பி.எஃப் கட்ட வேண்டும், சொக்சோ கட்ட வேண்டும், மருத்துவ விடுப்பு உண்டு, பொது விடுமுறை உண்டு. எனக்குச் சம்பளச் சீட்டே இல்லை. சம்பளச் சீட்டு இல்லாதவனை எந்த வங்கி திரும்பிப் பார்க்கும்? குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு கீழே இருந்தேன்.

"நீங்க அவ்வளவா நல்லா ஆடலண்ணே, நான் மணிக்கு 23 எடுக்குறேன்" என்று தம்பி சொல்வான். அன்றைக்கே சொன்னான், நேரடியாக இல்லை, கோப்பில் அந்தக் கட்டத்தைச் சுட்டிக்காட்டி.

சரி, அதையும் பார்ப்போம். அவன் 210 மணி நேரம் ஆடியிருக்கிறான். நேரடி மேசையில் மணிக்கு 28 ஆட்டம் என்று வைத்தால் ஏறக்குறைய 5,900 ஆட்டம். போக்கரில் நூறு ஆட்டத்துக்கு ஏற்ற இறக்கம் சுமார் 80 பெரிய பிளைண்ட். அதாவது 2-5 மேசையில் 400 வெள்ளி மேலேயோ கீழேயோ போவது சாதாரணம். ஆட்டம் கூடக்கூட இது வர்க்கமூலத்தில் பெருகும். 5,900 ஆட்டத்துக்கு வருவது சுமார் 3,000 வெள்ளி. இதன் அர்த்தம் என்ன? ஜெயிக்கவும் தோற்கவும் செய்யாத, சரிசமமான ஓர் ஆட்டக்காரன் மூன்று மாதத்தில் 3,000 மேலேயும் நிற்கலாம், 3,000 கீழேயும் நிற்கலாம். அப்படிப்பட்ட ஆட்கள் இருபது பேரை உட்காரவைத்தால் அதில் ஒருவன் 4,900 வெள்ளியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு வருவான். வெறும் அதிர்ஷ்டத்தில். தம்பி, அந்த ஒருவன் நீயா, உண்மையிலேயே திறமைசாலியா என்று உன் எக்செலுக்குத் தெரியாது. மிச்சம் பத்தொன்பது பேர் மாமாக் கடையில் யாரிடமும் கோப்பைத் திறந்து காட்டுவதில்லை.

நிச்சயமாகத் தெரிய எவ்வளவு ஆட வேண்டும்? ஒரு லட்சம் ஆட்டம் ஆடினால் ஓரளவு தெரியும். நேரடி மேசையில் அது 3,500 மணி நேரத்துக்கு மேல். மாதம் 120 மணி நேரம் ஆடினால் இரண்டு வருடம் ஐந்து மாதம். நீ தகுதியானவனா என்று தெரிந்துகொள்ளவே இத்தனை காலம், அதுவரை உன் செலவில். என்னுடைய 1,020 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஏற்ற இறக்கம் ஆறாயிரத்து எழுநூறு வெள்ளிப் பக்கம் வருகிறது. ஆகவே நான் ஜெயித்த 11,220 என்பது நாலாயிரத்து ஐந்நூறாகவும் இருந்திருக்கலாம், பதினெட்டாயிரமாகவும் இருந்திருக்கலாம். நான் நல்ல ஆட்டக்காரனா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. ரொட்டி சானாய் கடை போடுகிறவருக்கும் ரிஸ்க் உண்டுதானே என்பார்கள். உண்டு. ஆனால் அவருடைய ரொட்டி நன்றாக இருக்கிறதா என்று மூன்று மாதத்தில் ஊரே சொல்லிவிடும்.

இங்கேதான் தம்பி தன்னுடைய பெரிய சாட்சியை இறக்கினான். கிறிஸ் ஃபெர்குசன். 5 சதவீத விதி அவனுக்கு வந்ததே அங்கிருந்துதான். எனக்கும் அப்படித்தான் வந்தது.

கதை தெரியாதவர்களுக்கு: அமெரிக்க ஆட்டக்காரர், நீண்ட முடி, கௌபாய் தொப்பி, கணினி அறிவியலில் முனைவர் பட்டம், 2000ஆம் ஆண்டின் உலகப் போக்கர் சாம்பியன். 2006இல் ஒரு சவாலைத் தொடங்கினார். பைசா போடாமல், நுழைவுக் கட்டணமில்லாத போட்டிகளில் தொடங்கி, 10,000 டாலர் சேர்க்க வேண்டும். விதிகள் கறாரானவை. சாதாரண மேசையில் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. பெரிய போட்டிகளில் 2 சதவீதம். மேசையில் இருக்கும் பணம் மொத்தக் கையிருப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் 10,000ஐத் தொட்டார். ஒழுங்குக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை என்று இருபது வருடமாக இளைஞர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் சொன்னேன். 10,000ஐ ஒன்றரை வருடத்தால் வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மாதம் 555 டாலர். அதிலிருந்து அவர் வீட்டு வாடகை கட்டவில்லை, ஒரு கோப்பைக் காப்பிகூடக் குடிக்கவில்லை. உலகச் சாம்பியன் ஆனபோதே 15 லட்சம் டாலர் வாங்கியவர். எந்தத் தளத்தில் அந்தச் சவாலை ஆடினாரோ, ஃபுல் டில்ட், அந்த நிறுவனத்திலேயே பங்குதாரர். பசிக்காத மனிதர் ஒருவர் செய்துகாட்டிய உண்ணாவிரதத்தை நாம் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டோம்.

கதையின் பின்பாதி இன்னும் நன்றாக இருக்கும். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் மூன்று பெரிய போக்கர் தளங்களை முடக்கினார்கள். அதில் ஃபுல் டில்டும் ஒன்று. பணத்தைக் கேட்டு ஆட்டக்காரர்கள் கை நீட்டியபோது கொடுக்கப் பணம் இல்லை. அந்த மார்ச் கடைசியில் ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டியது சுமார் 390 மில்லியன் டாலர், வங்கியில் இருந்தது சுமார் 60 மில்லியன் என்று செப்டம்பரில் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. உலகளாவிய போன்சி என்று அதை வர்ணித்தது. அந்த சிவில் புகாரில் பெயர் சொல்லப்பட்ட இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது, ஆட்டக்காரர்களுக்கு வருடங்கள் கழித்துப் பணம் திரும்பியது. யார் மனதில் என்ன இருந்தது என்ற விசாரணைக்கு நான் போகவில்லை. என் கேள்வி வேறு. 5 சதவீத விதியைக் கடைப்பிடித்து, சென் சென்னாகச் சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான ஒழுங்கான பையன்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுடைய 100 சதவீதமும் ஒரே இடத்தில்தான் இருந்தது. மேசையில் எவ்வளவு வைக்கலாம் என்று பாடம் எடுத்தவர்கள், மேசை யாருடையது என்பதைப் பற்றிப் பாடமே எடுக்கவில்லை.

மேசை யாருடையது? நான் ஆடிய வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் குவிகிற பணத்தில் 5 சதவீதம் வீட்டுக்காரருக்கு, அதிகபட்சம் 20 வெள்ளி. 'ரேக்' என்பார்கள். ஒரு ராத்திரி சும்மா எண்ணினேன். ஆட்டத்துக்குச் சராசரியாக 8 வெள்ளி போனது. மணிக்கு 28 ஆட்டம் என்றால் 224 வெள்ளி. எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 1,800. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு மணிக்கு 25 வெள்ளி. நான் ஜெயித்தது மணிக்கு 11. நான் உண்மையில் மணிக்கு 36 ஜெயித்து, 25ஐ வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவருக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. பேங்க்ரோல் வேண்டாம். எக்செலும் வேண்டாம். மீ கோரெங்கும் குளிர்பானமும் இலவசமாகக் கொடுப்பார், நாங்கள் அவரைத் தங்கமான தவுக்கே என்போம்.

அந்த 36 யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் தாண்டினால் இந்தக் கட்டுரை பொய்.

எங்கள் மேசைக்கு லாரி ஓட்டும் ஓர் அண்ணன் வருவார். வயது நாற்பத்தைந்து இருக்கும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வருவார், சம்பளம் போட்டிருப்பார்கள். எல்லாச் சீட்டுக்கும் பணம் வைப்பார். தோற்கத் தோற்க இன்னும் வேகமாக வைப்பார். போக்கரில் ஒரு பால பாடம் உண்டு: அப்படிப்பட்டவருக்கு இடதுபக்கம் உட்காரு. அவர் உனக்கு முன்னால் பணம் வைத்துவிடுவார், நீ பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த ராத்திரி அவருடைய இடதுபக்க நாற்காலி காலியான உடனே நான் எழுந்து போய் உட்கார்ந்தேன். அவருடைய கைப்பேசி மூன்று முறை அடித்தது. மூன்றாவது முறை திரையைக் கவிழ்த்து வைத்தார். யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒன்பது பேருக்கும் தெரியும். நான்காவது முறை பணம் எடுக்கப் பணம் இல்லை, வீட்டுக்காரர் கடன் கொடுத்தார். விடிகாலை மூன்று மணிக்கு 2,500 போயிருந்தது. அதில் 900 என்னிடம்.

வெளியே வந்தபோது அவர் ரோட்டோரக் கடையில் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, சாப்டியா?" என்று கேட்டு எனக்கும் சேர்த்து நாசி லெமாக் வாங்கினார். வேண்டாம் என்று சொல்லியும் என்னைக் காசு கொடுக்க விடவில்லை. காடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: 'நல்ல இரவு. +900. இடது இருக்கை.' அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாசி லெமாக்கை எழுதவில்லை.

திறமை என்று நாங்கள் சொல்லிக்கொண்டதில் சீட்டை வாசிக்கிற பகுதி உண்டு, நிகழ்தகவு உண்டு. ஆனால் என் வருமானத்தின் பெரும்பகுதி, பண நிர்வாகம் தெரியாத ஒருவரைத் தேடி அவர் பக்கத்தில் உட்காருவதிலிருந்து வந்தது. என் ஒழுங்குக்கு அவருடைய ஒழுங்கின்மை தேவை. எல்லோரும் தம்பியைப் போல எக்செல் வைத்துக்கொண்டு வந்தால் அந்த மேசையில் ஜெயிக்கப்போவது ரேக் மட்டும்தான். "எல்லா வியாபாரமும் அப்படித்தான்" என்பவர்கள், தாங்கள் விற்கிற பொருள் என்ன என்பதை ஒருமுறை எனக்குச் சொல்ல வேண்டும். அந்த அண்ணன் 2,500 கொடுத்து என்ன வாங்கிக்கொண்டு போனார்?

2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீடு மூடப்பட்டது. இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், சொல்ல அவ்வளவு பெருமையில்லை. கைப்பேசிச் செயலியில் 'கிளப்' என்று உண்டு. செயலிக்குள் இருப்பது வெறும் புள்ளிகள். பணம் ஏஜென்ட்டிடம். அவருக்கு அனுப்பினால் புள்ளி ஏறும், ஜெயித்தால் அவர் திருப்பி அனுப்புவார். செலவை மாதம் 1,200க்குச் சுருக்கினேன். ஐந்தரை மாதத்தில் 6,600 போனது. இ.பி.எஃப் அப்போது இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வரை எடுக்க அனுமதித்தது, ஐ-லெஸ்தாரி. வேலை போனவர்கள் அரிசி வாங்குவதற்காக வந்த திட்டம். நான் நான்கு மாதம் எடுத்தேன், 2,000. செயலியில் தோற்றது ஏறக்குறைய 3,000. அங்கே ஆடுகிறவர்கள் வேறு ரகம், லாரி அண்ணன்கள் குறைவு. மிச்சமிருந்த 4,600இல் 4,300 ஏஜென்ட் கையில் இருந்தபோது ஒரு ஆகஸ்ட் காலையில் அவருடைய வாட்ஸ்அப் படம் காணாமல் போனது.

போலீசில் என்ன சொல்வது? 1953ஆம் ஆண்டின் சூதாட்ட விடுதிச் சட்டம் ஒரு பக்கம். பந்தய உடன்படிக்கை செல்லாது என்கிற 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்னொரு பக்கம். நான் 5 சதவீத விதியை அன்றுவரை மீறியதில்லை.

இப்போது அம்மா. எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

மேலே என் மாதச் செலவைப் பட்டியலிட்டேன். அதில் வாடகை இல்லை, கவனித்தீர்களா? மூன்று வேளைச் சோறு இல்லை. துணி துவைத்தது இல்லை. பகல் பன்னிரண்டு மணிவரை தூங்குகிறவனை எழுப்பாமல் வீட்டை அமைதியாக வைத்தது இல்லை. கிள்ளானில் ஓர் அறைக்கும் சாப்பாட்டுக்கும் குறைத்துப் போட்டாலும் மாதம் 1,000 வெள்ளி. நான் கொடுத்தது 200. அதைச் சேர்த்திருந்தால் எனக்கு மணிக்கு 23க்கு மேல் தேவைப்பட்டிருக்கும். தம்பி, நீ எடுக்கிறதாகச் சொல்கிற அதே 23. என் உண்மையான பேங்க்ரோல் வங்கியில் இருந்த 18,000 அல்ல. அம்மாவின் அடுப்பு. 36 முறை உட்காரப் பணம் இருப்பதாக நான் பெருமைப்பட்டபோது, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காலை ஐந்து மணிக்கு ரொட்டியில் மார்ஜரின் தடவப் போகிற ஒரு பெண்மணிதான் அந்த நாற்காலிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். அதே 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவருடைய வருமானமும் நின்றது. சோறு நிற்கவில்லை.

"ஏன்டா, ராத்திரியெல்லாம் போனையே பார்க்குற, கண்ணு என்னாத்துக்கு ஆகும்?" என்பதைத் தவிர அவர் எதையும் கேட்டதில்லை. செப்டம்பரில் காடித் தவணை பாக்கி ஏறியபோது நானாகவே சொல்லும்படி ஆனது. அம்மா ஒரு கூட்டில் இருந்தார். பன்னிரண்டு பேர், மாதம் 300. 1971லிருந்து இந்த நாட்டில் கூட்டு சட்டப்படி தடை, நம் பெண்கள் ஒருநாளும் நிறுத்தியதில்லை. பல் கட்டுவதற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முன்கூட்டி எடுத்ததால் கழிவு போக 3,100 கைக்கு வந்தது. அப்படியே என்னிடம் கொடுத்தார். மிச்ச மாதங்களுக்கு 300ஐ முழுதாகக் கட்டி முடித்தார். அந்தப் பன்னிரண்டு பெண்களிடம் எக்செல் கிடையாது. எவருடைய வாட்ஸ்அப் படமும் காணாமல் போகவில்லை.

அந்த வாரமே ஒரு பொருள்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான்.

மாமாக் கடையில் இதையெல்லாம் தம்பியிடம் சொல்லவில்லை. அவனுடைய கோப்பில் கையிருப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்து, மேலே 'அம்மா' என்று தட்டி, மூன்று மாதத்துக்கும் மைனஸ் 1,000 போட்டேன். கீழே இருந்த கூட்டல் தானாகவே மாறியது. 4,900 என்று பச்சையில் இருந்தது 1,900 ஆனது.

"எதுக்குண்ணே அம்மாவ இதுல இழுக்குறீங்க?" என்றான். குரலில் உண்மையான கோபம் இருந்தது. பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பில் கேட்டார். தம்பி மடிக்கணினியை மூடினான். அந்தப் பத்தியை அழித்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்குப் பல் இன்னும் கட்டவில்லை. டிசம்பர் போனஸில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.